விட்டுப் போனவர்களிடமிருந்து தொடங்குங்கள்: உங்கள் ரோலர் டெர்பி லீகின் வரலாற்றை எழுதும் விதம்

எங்கள் லீகில் 12-ஆம் எண் சட்டையை யாருக்கும் தருவதில்லை. நாங்கள் ஆடுவது ரோலர் டெர்பி: சக்கரக் காலணியோடு இரண்டு அணிகள் வட்டப் பாதையில் ஒன்றையொன்று தடுத்து மோதி ஓடும் ஆட்டம். புதிதாகப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அந்த எண்ணைக் கேட்டாள். சீருடைப் பொறுப்பாளர், "அது கிடையாதும்மா, வேற எடுத்துக்கோ" என்றார். ஏன் என்று அவள் கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்று கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். அத்தனை பேரில் மூத்தவரே லீக் தொடங்கி நாலாவது வருடம் சேர்ந்தவர்.

நான் ஸ்கேட்டர் இல்லை. பல வருடமாக, தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் பெனால்டி பாக்ஸில் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்பவள். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டு, இரண்டு வருடம் கழித்து எங்கள் லீகின் வரலாற்றை 96 பக்கங்களில் எழுதி முடித்தேன். அதை எப்படிச் செய்தேன், எங்கே வழி தவறினேன், நீங்கள் செய்வதாக இருந்தால் எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே சொல்கிறேன். சம்பளம் இல்லாமல், பெண்கள் தாங்களே நடத்துகிற எந்த லீகுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஆள், அப்புறம் காகிதம்

நான் செய்த பெரிய தவறு, ஸ்கோர் தாள்கள் இருந்த பெட்டியிலிருந்து தொடங்கியது. ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளிகளையும் அட்டவணையாக்கினேன். முடித்தபோது யார் யாரை எத்தனை புள்ளியில் ஜெயித்தார்கள் என்பது தெரிந்தது. கூடத்தை யார் தேடிப் பிடித்தார்கள், பாதையைக் குறிக்கத் தரையில் முதல் டேப்பை ஒட்டியது யார், முதல் நடுவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று எதுவும் தெரியவில்லை. களத்தில் இறங்கியவரின் பெயர் மட்டும்தான் ஸ்கோர் தாளில் ஏறும்.

அந்த ஆறு மாதத்தில் நான் ஆட்களைத் தேடியிருக்க வேண்டும். அமெச்சூர் லீகில் ஒரு பெண் சேர்கிறாள், மூன்று நான்கு வருடம் ஆடுகிறாள், பிறகு முழங்கால், குழந்தை, வேலை மாற்றம் என்று ஏதோ ஒன்று வந்து விலகுகிறாள். அவளோடு ஒரு மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும், பரணில் கிடக்கும் ஒரு பெட்டியும், நாலு வருட ஞாபகமும் போய்விடுகின்றன. இன்று களத்தில் இருப்பவர்களை அடுத்த வாரமும் பார்க்கலாம். விலகிப் போனவர்களின் தொலைபேசி எண்தான் ஒவ்வொரு வருடமும் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்துகொள்ளுங்கள். டெர்பி பெயர் (களத்துக்கென்று வைத்துக்கொண்ட புனைபெயர்), சட்டை எண், சேர்ந்த மாதம், விலகிய மாதம், ஆட்டத்துக்கு வெளியே செய்த வேலை, இவரைத் தெரிந்த வேறு இருவர் என்று ஆறு பத்திகள் போதும். கடைசிப் பத்திதான் உயிர்நாடி. யாரிடம் பேசினாலும் முடிக்கும்போது "உங்களோடு அப்போது இருந்தவர்களில் இப்போது யாரிடம் பேச முடியும்?" என்று கேளுங்கள். நான் நான்கு பெயரோடு தொடங்கினேன். முடிக்கும்போது 140 பெயர் இருந்தது.

டெர்பி பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெண் இரண்டு மூன்று பெயரில் ஆடியிருப்பாள். ஆரம்ப வருடங்களில் ஒருவர் பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ளாமல் இருக்க உலகம் முழுமைக்குமான ஒரு பெயர்ப் பதிவேடே இருந்தது. அதற்கு மரியாதை கொடுத்துப் பலர் கடைசி நேரத்தில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே சட்டை எண்ணையும் சேர்த்தே குறியுங்கள். பெயரை மாற்றினவர்கள்கூட எண்ணை அவ்வளவு லேசில் விடுவதில்லை. இயற்பெயரைத் தனிக் கோப்பில், பூட்டி வையுங்கள். அச்சில் டெர்பி பெயர் மட்டும் வரட்டும். இயற்பெயர் வரலாம் என்று அவரே எழுத்தில் சொன்னால் மட்டும் போடுங்கள். வேலை செய்யும் இடத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமலே பல வருடம் ஆடிய பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த 12-ஆம் எண்ணின் கதை இப்படித்தான் கிடைத்தது. சங்கிலியில் மூன்றாவதாகப் பேசிய பெண் சொன்னார். முதல் கூடத்தின் உரிமையாளருக்குச் சக்கரம் பட்டு மரத்தரை கெட்டுவிடுமோ என்று பயம். பெரிய முன்பணம் கேட்டாராம். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஒருவர் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார். முதல் ஆட்டத்துக்கு ஐந்து மாதம் இருந்தபோது வேலை நிமித்தம் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அதனால் எந்த ஸ்கோர் தாளிலும் அவர் இல்லை. பிறகு கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "12: ஒதுக்கி வைக்கப்படுகிறது" என்று ஒரு வரி. காரணம் எழுதவில்லை. அன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எழுதத் தோன்றியிருக்காது.

எண்ணை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இந்த ஆட்டத்தில் பழையது. 1937 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள சேலம் அருகே ரோலர் டெர்பி குழுவினர் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 1-ஆம் எண்ணை அதன்பின் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்டேன். தெரியாது, தானாகத் தோன்றியது என்றார்கள்.

பெட்டிக்குள் என்ன தேட வேண்டும்

காகிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காகிதம் என்பதுதான் விஷயம். கூட்டக் குறிப்புகள், கூட வாடகை ரசீதுகள், பயிற்சி வருகைப் பதிவு, சந்தாக் கணக்கு, புதியவர்களின் திறன் தேர்வுப் படிவங்கள், சுவரொட்டிகள், ஆட்ட நாளில் விற்ற நிகழ்ச்சிக் கையேடு. இவற்றை முதலில் எடுங்கள். வாடகை ரசீதைப் போல உண்மை பேசும் காகிதம் வேறு இல்லை. எங்கள் லீக் "இடைவெளி இல்லாமல் இயங்கி வந்தது" என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வருடத்தில் ஐந்து மாதத்துக்கு ரசீதே இல்லை. விசாரித்தபோது, கூடம் கைவிட்டுப் போய் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் சிமென்ட் தரையில், மழை இல்லாத நாட்களில் மட்டும் பயிற்சி செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஐந்து மாதம் இப்போது புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம்.

தேதி இல்லாத தாள்கள் நிறையக் கிடைக்கும். இங்கே ஆட்ட விதிகள் பெரிதும் கைகொடுக்கும், ஏனென்றால் சமதரையில் (ஃபிளாட் டிராக்) ஆடும் டெர்பிக்கு விதி வகுக்கும் பெண்கள் ஃபிளாட் டிராக் டெர்பி சங்கம் (டபிள்யூ.எஃப்.டி.டி.ஏ.) விதிகளை அடிக்கடி மாற்றியிருக்கிறது. பெனால்டி தாளில் சிறு தவறுகளுக்கென்று தனிப் பத்தி இருக்கிறதா? அப்படியானால் அது 2013-க்கு முந்தையது. அதுவரை நாலு சிறு தவறு சேர்ந்தால் ஒருமுறை பெனால்டி பாக்ஸுக்குப் போக வேண்டும். 2013 விதிகளில் அந்தக் கணக்கே நீக்கப்பட்டது. பாக்ஸில் உட்காரும் நேரம் ஒரு நிமிடம் என்றிருந்தால் பழையது. 2014-இல் அது 30 விநாடி ஆனது. ஸ்டாப்வாட்ச் பிடித்த எனக்கு அந்த மாற்றம் விரலிலேயே பதிந்திருக்கிறது: ஒருத்தி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் எழுப்பிவிட வேண்டியிருந்தது. ஸ்கோர் தாளில் ஒரே சுற்றுக்கு 5 புள்ளி அடிக்கடி வருகிறதா? எதிரணியின் நாலு பிளாக்கர்களோடு (தடுப்பவர்கள்) அதன் ஜாமரையும் (புள்ளி எடுக்க ஓடுபவர்) ஒரு சுற்று தாண்டினால் கிடைத்த புள்ளி அது. 2019 முதல் அது கிடையாது, ஒரு சுற்றுக்கு 4 தான். திறன் தேர்வுப் படிவத்தில் ஐந்து நிமிடத்தில் 25 சுற்று என்றிருந்தால் அது பழைய படிவம், 27 என்றிருந்தால் பிந்தையது.

அசையும் படங்களிலும் இதே வழி. பிளாக்கர்கள் ஒரு விசிலுக்குக் கிளம்பி, ஜாமர்கள் இரண்டாவது விசிலுக்குக் கிளம்பினால் அது 2013-க்கு முன்னால் எடுத்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சின்ன லீகுகள் புதிய விதியை மறுநாளே கைக்கொள்வதில்லை, பழைய தாளையே அச்சடித்து ஒரு பருவம் முழுக்க ஓட்டியிருப்பார்கள். அதனால் விதி சொல்லும் வருடத்தைப் பென்சிலால் எழுதுங்கள். வாடகை ரசீதோ சுவரொட்டியோ அதை உறுதிப்படுத்திய பிறகு பேனா.

கேட்கும் விதம்

"லீக் எப்படித் தொடங்கியது?" என்று கேட்காதீர்கள். எல்லோரிடமும் அதற்கு ஒரு தயார் பதில் இருக்கும், அது நூறு முறை சொல்லித் தேய்ந்த பதில். பொருளைக் கேளுங்கள். முதல் பயிற்சியில் தரை எப்படி இருந்தது? கூடத்தின் சாவி யார் கையில் இருந்தது? தரையில் ஒட்டிய டேப் என்ன நிறம்? அதன் அடியில் கயிறு வைத்தீர்களா? ஃபிளாட் டிராக்கின் கோட்டுக்குக் கீழே கயிறு ஓட்டுவது, ஸ்கேட்டர் குனிந்து பார்க்காமலே எல்லையைக் காலால் உணர்வதற்காக. இந்தக் கேள்வியை ஒரு அம்மாவிடம் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, கயிறு வாங்கப் போன நாளிலிருந்து முக்கால் மணி நேரம் பேசினார். யார் காரில் போனார்கள், யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், முதல் தலைவி அன்றே விலக நினைத்தது எல்லாம் அந்தக் கயிற்றோடு வந்தது.

போகும்போது கையில் ஏதாவது கொண்டு போங்கள். பழைய ஹெல்மெட் உறை, சுவரொட்டி, உடைந்த சக்கரம். நட்சத்திரம் போட்ட ஜாமர் உறையை மேசைமேல் வைத்தாலே போதும், பேச்சு தானாக வரும். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைப்பதும் நல்லது, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் சண்டை போட்டுப் பிரிந்தவர்களைச் சேர்த்து உட்காரவைக்காதீர்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒலிப்பதிவு இரண்டு கருவியில் ஓடட்டும். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் பேசுபவரின் டெர்பி பெயரையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். காயங்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள், டெர்பிக்காரர்களுக்கு எலும்பு முறிந்த கதை சொல்லப் பிடிக்கும். அவர்களே எழுதச் சொன்னால் எழுதுங்கள். இன்னொருவரின் காயத்தை எழுத வேண்டாம்.

ஸ்கேட்டர்களோடு நின்றுவிடாதீர்கள். ஒரு ஆட்டத்துக்கு ஸ்கேட் அணிந்த நடுவர்கள் ஏழு பேர் வரை வேண்டும். அதற்குமேல் ஸ்கோர், பெனால்டி, நேரம் பார்க்க ஒரு கூட்டமே வேண்டும். இவர்கள் பெரும்பாலும் யாரோ ஒரு ஸ்கேட்டரின் தங்கை, கணவர், தோழி என்று வந்து சேர்ந்தவர்கள். எங்கள் முதல் நான்கு வருடத்தின் மிகத் தெளிவான ஞாபகம் ஒரு ஸ்கேட்டரின் மாமியாரிடம் இருந்தது. வாசலில் சீட்டு கிழித்துக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

பிரிவை எழுதுங்கள்

நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். எங்கள் மூன்றாவது வருடத்தில் ஏழு பேர் ஒரே நாளில் விலகினார்கள். "அதை விட்டுடு, பழைய புண்" என்று இரண்டு தரப்பிலும் சொன்னார்கள். விட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். இந்த ஆட்டத்தின் மறுபிறப்பைப் படித்த பிறகு மனதை மாற்றிக்கொண்டேன்.

2001-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒருவர் பெண்களைத் திரட்டி ரோலர் டெர்பி நடத்தப் போவதாகச் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார், பெண்களே பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். லீக் யாருக்குச் சொந்தம், முடிவை யார் எடுப்பது என்பதில் தகராறு முற்றி 2003-இல் பிரிந்தார்கள். பிரிந்து போனவர்கள் டெக்சாஸ் ரோலர்கேர்ல்ஸ் என்ற பெயரில் சமதரையில் ஆடினார்கள். தங்கியவர்கள் வெளி ஓரம் உயர்ந்த சாய்தளப் பாதைக்கு மாறி, லோன்ஸ்டார் ரோலர்கேர்ல்ஸ் ஆனார்கள். சாய்தளப் பாதை கட்டப் பணமும் நிரந்தர இடமும் வேண்டும். சமதரைக்கு டேப்பும் கயிறும் போதும், எந்தக் கூடத்திலும் இரவு ஒட்டிக் காலையில் பிரித்துவிடலாம். இந்த ஆட்டம் உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான். அந்தத் தகராறு இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு லீகே இருந்திருக்காது. அப்படியிருக்க, எங்கள் தகராறை மட்டும் நான் ஏன் மூடி வைக்க வேண்டும்?

நான் பின்பற்றிய முறை இது. இரண்டு தரப்பும் மறுக்காத விஷயங்களை மட்டும் முதலில் எழுதினேன்: கூட்டம் நடந்த தேதி, ஓட்டு எண்ணிக்கை, விலகியவர்களின் எண்ணிக்கை. மூன்று வரிதான் தேறியது. பிறகு இரண்டு தரப்பையும் அவரவர் வார்த்தையில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் வைத்தேன். நடுவில் என் தீர்ப்பு எதுவும் இல்லை. அச்சுக்கு முன்னால் இருவருக்கும் அனுப்பி மூன்று வாரம் அவகாசம் கொடுத்தேன். தன் தரப்பைத் திருத்தலாம், அடுத்தவர் தரப்பைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. ஒருவர் முதலில் கோபித்துக்கொண்டு பதிலே போடவில்லை. பத்தொன்பதாம் நாள் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். புத்தகத்தில் நான் மிகவும் மதிக்கும் நாலு பக்கம் அது.

பணம் கையாடியதாக, ஒருவரை ஒருவர் மிரட்டியதாக வரும் குற்றச்சாட்டுகளை ஒருவர் சொல்லை மட்டும் வைத்து எழுதவே எழுதாதீர்கள். காகிதம் இருந்தாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

பெரிய வரலாறு ஒரு பக்கம் போதும்

கையேடுகளில் பலர் சிகாகோவில் தொடங்கிப் பாதிப் புத்தகத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். உங்கள் வாசகருக்குத் தேவையானது இவ்வளவுதான். 1935 ஆகஸ்ட் 13 அன்று சிகாகோ கொலிசியத்தில் லியோ செல்ட்சர் நாட்கணக்கில் நீளும் ஒரு ஸ்கேட்டிங் ஓட்டத்தைத் தொடங்கினார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தது ஒரு ஜோடி. சில ஆண்டுகளில் மோதலும் தடுப்பும் புள்ளியும் கொண்ட ஆட்டமாக அது மாறியது. நாற்பதுகளின் இறுதியில் தொலைக்காட்சி அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஜோன் வெஸ்டன், ஆன் கால்வெல்லோ போன்ற பெண்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள். செல்ட்சர் குடும்பத்தின் அமைப்பு 1973-இல் மூடப்பட்டது. அப்புறம் ஆஸ்டின். 2004-இல் சில லீகுகள் சேர்ந்து தொடங்கிய கூட்டணி பின்னர் டபிள்யூ.எஃப்.டி.டி.ஏ. ஆனது. 2011 டிசம்பரில் டொரான்டோவில் முதல் உலகக் கோப்பை நடந்தது, 13 அணிகள் வந்தன.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: முதல் நாளிலிருந்தே பெண்கள் இந்த ஆட்டத்தில் இருந்தார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதிதான். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு பெண்கள் கைக்கு வந்தது 2001-க்குப் பிறகுதான். உங்கள் லீக் அந்த இரண்டாவது கதையின் ஒரு துண்டு, அந்தப் பக்கத்தை அப்படி முடித்தால் அடுத்த பக்கத்துக்கு வழி இயல்பாகத் திறக்கும்.

எழுதி முடிக்கும்போது

வெற்றி தோல்விகளை எல்லாம் கடைசியில் ஒரு அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். அத்தியாயங்களைக் கூடம் வாரியாகப் பிரியுங்கள். எங்களுக்கு ஐந்து கூடங்கள், ஐந்து அத்தியாயங்கள். ஒவ்வொருவருக்கும் தான் சேர்ந்த வருடம் மறந்திருக்கலாம், எந்தக் கூடத்தில் சேர்ந்தோம் என்பது மறக்கவே மறக்காது.

படங்களுக்கு எடுத்தவரிடம் அனுமதி வாங்குங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், உரிமை பெரும்பாலும் எடுத்தவருக்குத்தான். டெர்பியில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் காசு வாங்காமல் வருடக்கணக்கில் பாதை ஓரம் உட்கார்ந்தவர்கள். பெயரைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம்.

பழைய மின்னஞ்சல் குழுக்களில் இருப்பதை இன்றே இறக்கி வையுங்கள். எங்கள் முதல் மூன்று வருடப் பேச்சு முழுக்க இருந்த ஒரு சேவை மூடப்பட்டுவிட்டது. ஒரு பெண் தன் அச்சுப்பொறியில் எடுத்து வைத்திருந்த அறுபது தாள்கள் மட்டும் மிஞ்சின. ஸ்கேன் செய்த கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று லீகில் இல்லாத ஒருவர் வீட்டில்.

அச்சான முதல் பிரதியை 12-ஆம் எண்ணுக்கு உரியவருக்கு அனுப்பினேன். தொலைபேசியில் அழைத்து, முன்பணம் பற்றி எழுதியது சரிதான், ஆனால் கூடத்தின் தரை மரம் இல்லை, மரம் போல வரைந்த விரிப்பு என்றார். திருத்தப் பேரேடு என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் முதல் வரி அதுதான். இப்போது நாற்பத்தொரு வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே சொன்னவர் பெயரும் தேதியும்.